கையிலிருந்து தட்டிவிட்ட கத்தரிக்காய்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊரை ஒட்டிய ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனைக்காக உட்கார்ந்திருந்தேன். எனக்கு அப்போது ஆறாவது மாதம், முதல் குழந்தை. செவ்வாய்க்கிழமை என்றால் அங்கே எங்களைப் போன்றவர்களின் ராஜ்ஜியம்தான். பெஞ்சு முழுக்க வயிறும் வளையலும் பரிசோதனை அட்டையுமாக உட்கார்ந்திருப்போம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் ஐந்து நிமிடத்தில் அவர் பிறந்த ஊர்வரை விசாரித்துவிடுவேன்.

அன்று பக்கத்தில் உட்கார்ந்தது ஏழு மாதக்காரப் பெண் ஒருத்தி. என் வயதுதான் இருக்கும். மசக்கையில் என்ன சாப்பிட்டோம், எதைப் பார்த்தால் குமட்டுகிறது என்று பேச்சு ஓடியது. "எனக்குக் கத்தரிக்கான்னா உசுருங்க. அது இல்லாட்டி சோறே எறங்காது" என்றாள். வரும் வழியில்தான் வாங்கினேன் என்று பையைத் திறந்து காட்டினாள். உருண்டு திரண்டு, ஊதாவும் வெள்ளையுமாய், ஒரு பொட்டு ஓட்டைகூட இல்லாமல் மின்னின. "கடைத்தெருவுல பச்சைத் துண்டக் கட்டிக்கிட்டு ஒரு அண்ணன் சாக்கு விரிச்சு விப்பாரே, அவருகிட்டதான் வாங்குவேன். ஒரு சொத்தை இருக்காது" என்றாள்.

பச்சைத் துண்டு அண்ணன் என் வீட்டுக்காரர்! எனக்குப் பெருமை தாங்கவில்லை. "அது எங்க வீட்டுக்காருதாங்க, காயும் எங்க கொல்லைக் காய்தான்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். அவளுக்கும் ஒரே சந்தோஷம். பேசிக்கொண்டே பையிலிருந்து ஒரு பிஞ்சை எடுத்தாள், முந்தானையில் இரண்டு தேய்ப்புத் தேய்த்தாள், பச்சையாகவே கடிக்க வாய்க்குக் கொண்டுபோனாள்.

என்ன நடந்தது என்று எனக்கே தெரியாது. என் கை தானாகப் பாய்ந்து அந்தக் காயை ஓங்கித் தட்டிவிட்டது. அது பறந்துபோய் நர்ஸின் மேஜைக்கு அடியில் உருண்டது. ஹாலே திரும்பிப் பார்த்தது.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் கொல்லையைப் பற்றிச் சொல்ல வேண்டும். புதுக்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் விவசாயம் தெரியும். வந்த புதிதில் என் மாமியார் சுற்றிக் காட்டியபோது கிணற்றடியில் நாலு வரிசைக் கத்தரி தனியாக நின்றது. அது வீட்டுப் பாத்தி. அதற்குப் பூச்சிமருந்து அடிக்க மாட்டார்கள். வேலிக்கு அங்கிட்டு அரை ஏக்கர் நிற்பது விற்கிற பாத்தி. அதற்கு வாரத்துக்கு ஒரு தடவை, சில வாரம் இரண்டு தடவை மருந்து. முதல் நாள் சாயங்காலம் அடித்து, மறுநாள் விடியற்காலையில் பறித்தால்தான் காய் பளபளப்பாக இருக்கும் என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. எத்தனை நாள் பொறுத்துப் பறிக்க வேண்டும் என்று டப்பாவில் எழுதியிருக்கும். அதை யார் படித்தார்கள்? எங்கள் வீட்டில் மட்டும் இல்லை, சுற்றுவட்டாரத்தில் பல வீடுகளில் இதே பழக்கம்தான். யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை. நானும் நினைக்கவில்லை. எனக்கு நல்ல காய் கிடைக்கிறது என்று சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

"ஏங்க, கிறுக்கா புடிச்சிருக்கு ஒங்களுக்கு?" என்று அவள் எழுந்துவிட்டாள். நானும் எழுந்து, "நேத்து சாயங்காலம்தாங்க அதுக்கு மருந்தடிச்சாரு, திங்காதீங்க" என்று கத்தியே விட்டேன். அவள் முகம் வெளுத்துப் போனது. பையைக் கீழே போட்டுவிட்டு என்னையே பார்த்தாள்.

"அப்ப நீங்க என்னத்தத் திங்கிறீங்க?"

"நாங்க வீட்டுக்குன்னு தனியா..." என்று ஆரம்பித்தேன். ஊர் வாயை அடைக்கிற நான், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டேன். அவள் என் வயிற்றைப் பார்த்தாள், தன் வயிற்றைத் தொட்டுக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது. அப்படி ஒரு வெட்கம் எனக்கு.

சத்தம் கேட்டு நர்ஸ் வந்தார். ஐம்பது வயதிருக்கும், அதட்டிப் பேசுவார், ஆனால் கை மெத்தென்று இருக்கும். விஷயத்தைக் கேட்டுவிட்டு முதலில் அவளிடம், இன்று சமைத்துச் சாப்பிட்டாயா, வாந்தி மயக்கம் இருக்கிறதா என்று விசாரித்தார். ஒன்றும் இல்லை. அதோடு தப்பித்தேன் என்று நினைத்தால், அடுத்து என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, மருந்தடிச்ச துணிய ஒங்க வீட்டுல யாரு தொவைக்கிறா?"

"நாந்தாங்க."

"தனியா தொவைக்கிறியா, எல்லாத்தோடயுமா?"

ஒரே பிளாஸ்டிக் அன்னக்கூடையில்தான் ஊற வைப்பேன். வீட்டுக்காரர் கைலி, சட்டை, தலையில் கட்டிய துண்டு, என் நைட்டி எல்லாம் ஒன்றாக. பிறக்கப்போகிற பிள்ளைக்கு முதலில் பழைய மெல்லிசு வேட்டியைத்தானே கிழித்துப் போடுவோம்? அதற்காக நான் துவைத்துத் துவைத்து மெதுவாக்கி வைத்திருந்த நாலு வேட்டித் துண்டுகளையும் முந்தின வாரம் அதே கூடையில்தான் போட்டு எடுத்தேன். சொல்லி முடிப்பதற்குள் நர்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். "வாய் வழியாத்தான் ஏறும்னு ஒனக்கு யாரு சொன்னா? தோலு வழியா ஏறும், மூச்சு வழியா ஏறும். மாசமா இருக்கவ அந்தத் துணியத் தொடவே கூடாதும்மா" என்றார்.

காலையிலிருந்து குழந்தை அசைந்ததா? எத்தனை யோசித்தும் ஞாபகம் வரவில்லை. வீட்டுப் பாத்தியை வைத்துக்கொண்டு என் பிள்ளைக்குக் கோட்டை கட்டியிருப்பதாக நினைத்தவள் நான். ஆனால் வாரா வாரம் இந்த இரண்டு கையாலும் அந்த மருந்தைப் பிசைந்திருக்கிறேன். போனை எடுத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். "என்னங்க, ஒரு காயகூட யாருக்கும் குடுக்காதீங்க. எல்லாத்தையும் அள்ளிக்கிட்டு ஒடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்று ஒரே மூச்சில் சொல்லி வைத்துவிட்டேன்.

மனிதர் என்ன நினைத்தாரோ, கால் மணி நேரத்தில் மூட்டையோடு வண்டியில் வந்து நின்றார். பச்சைத் துண்டு அவிழ்ந்து கழுத்தில் தொங்க, வேர்த்து விறுவிறுத்து உள்ளே ஓடி வந்தவரை ஒன்பது கர்ப்பிணிகள் சுற்றி நின்றுகொண்டார்கள். இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. பாவம், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு வயிறு. "அண்ணே, நானும் ஒங்ககிட்டதான் வாங்குவேன்" என்றாள் ஒருத்தி. "எங்க மாமியாரும் ஒங்க காய்தான் வாங்கியாருவாங்க" என்றாள் இன்னொருத்தி. அவர் பேந்தப் பேந்த விழித்தார்.

அதற்குள் நர்ஸ் என்னை உள்ளே கூப்பிட்டுப் படுக்க வைத்து, வயிற்றில் குழந்தையின் இருதயத் துடிப்பைக் கேட்கிற கருவியை வைத்தார். இங்கிட்டு வைத்தார், அங்கிட்டு வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது. அப்புறம் திடீரென்று டப டப டபவென்று ஒரு சத்தம், அந்த அறை முழுக்க! வேகமாக, ஒரே சீராக, என்ன ஒரு சத்தம் அது! நான் அழுதுகொண்டே சிரித்தேன். கதவோரம் நின்றிருந்த என் வீட்டுக்காரர், "சிஸ்டர், எங்க புள்ளைக்கு ஒண்ணும் இல்லல்ல?" என்று கேட்டார்.

அவர் பின்னாலேயே நின்றிருந்த அந்த ஏழு மாதக்காரி, கோபமே இல்லாமல், "எங்க புள்ளைகளுக்கும் சேத்துக் கேளுங்கண்ணே" என்றாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். இருதயத் துடிப்பு நன்றாக இருக்கிறது, மற்றதை ஸ்கேனில் டாக்டர் பார்த்துச் சொல்வார் என்றார் நர்ஸ். அந்தப் பெண்ணுக்கும் கருவியை வைத்துப் பார்த்தார். அவள் பிள்ளையும் டப டப என்று பதில் சொன்னது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றோம்.

வெளியே வந்ததும் என் பழைய வாய் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. "சொத்தையா இருந்தாப் பரவாயில்லையா? மருந்தடிக்காத காய் கொண்டாந்தா வாங்குவீங்களா?" என்று ஹாலைப் பார்த்துக் கேட்டேன். "புழு இருந்தா நறுக்கிப் போட்டுக்கிறோம், கொண்டாங்க" என்று அத்தனை பேரும் சொன்னார்கள். சொத்தைக் காயை எவனும் சீந்த மாட்டான் என்று அதுவரை சாதித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், இதோ இத்தனை பேர் கேட்கிறார்களே என்று ஆச்சரியமாகப் பார்த்தார். மூட்டையில் மிஞ்சியிருந்த காயை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழி வெட்டிப் புதைத்தார். என் மாமியார் இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து, "அவந் துணிய இனி அவனே இதுல தொவைக்கட்டும், நீ கிட்டப் போவாத" என்றார். நானும் அந்த நாலு வேட்டித் துண்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்த கூத்தைச் சொன்னால் விடியும். வேளாண்மை ஆபீசில் கேட்டு, அந்துப்பூச்சியை இழுத்துப் பிடிக்கிற பொறி வாங்கிக் கட்டினோம். வேப்பங்கொட்டையை இடித்து ஊற வைத்து வடிகட்டி அடித்தார். நொச்சி, எருக்கு, வேம்பு எல்லாம் போட்டு மாட்டுக் கோமியத்தில் ஊற வைத்த கரைசல் எழுப்பிய நாற்றத்தில் நான் ஒரு வாரம் கொல்லைப் பக்கமே போகவில்லை. புழு குடைந்து நுனி வாடிய தண்டுகளை என் மாமியார் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்து அழித்தார். அந்த வருடம் பாதிக் காய் புழுவுக்குத்தான் போனது, மறைக்க மாட்டேன். ஆனாலும் முதல் கூடையைச் செவ்வாய்க்கிழமை சுகாதார நிலையத்து வாசலுக்குக் கொண்டுபோனபோது, கோணலும் ஓட்டையுமாக இருந்த அந்தக் காய்கள் பத்தே நிமிடத்தில் தீர்ந்துவிட்டன! வயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் கூவி விற்ற சத்தத்தில், அதட்டுகிற அந்த நர்ஸே வெளியே வந்து சிரித்தார். அடுத்த வாரம் அவரும் பையோடு வந்து நின்றார்.

எனக்குப் பெண் குழந்தை, அந்த ஏழு மாதக்காரிக்குப் பையன். இரண்டும் இப்போது வீட்டை இரண்டாக்குகிற வாலுகள். கத்தரிக்கு இப்போது மருந்தே இல்லை. கொல்லையில் போடுகிற நிலக்கடலைக்கு மட்டும் பூச்சி எல்லை மீறினால் என் வீட்டுக்காரர் இன்னும் ஒருமுறை அடிக்கிறார். கையுறையும் முகத்துக்குத் துணியும் கட்டிக்கொண்டு அடித்து, துணியைத் தானே தனியாகத் துவைத்துக்கொள்கிறார். டப்பாவில் எழுதியிருக்கிற நாளை எண்ணித்தான் கடலை பிடுங்குகிறோம். அதையும் விட வேண்டும் என்று நான் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஒன்று மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. அன்று காலை என் போன் வருவதற்கு முன்பே முக்கால் மூட்டைக் காய் விற்றுப் போயிருந்தது. அதை வாங்கியவர்கள் யார், எந்த வீட்டு உலையில் வெந்தது, யார் சாப்பிட்டார்கள், எதுவும் எனக்குத் தெரியாது. அந்த ஒரு பெண் என் பக்கத்தில் உட்கார்ந்தாள், அதனால் காயைத் தட்டிவிட முடிந்தது. இப்போது சில நாள் அவருக்குப் பதில் கடைத்தெருவில் சாக்கு விரித்து உட்காரும்போது, காய் கேட்டுக் குனிகிற ஒவ்வொரு பெண்ணையும் நான் நிமிர்ந்து பார்க்கிறேன். அவள் வயிற்றில் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது என்ற நினைப்போடுதான் காயை எடுத்துக் கொடுக்கிறேன்.