சுண்ணாம்புக் குழியில் குளிர் காய்ந்தோம்

பொங்கலுக்கு வீட்டுக்கெல்லாம் பெயிண்ட் அடித்தாகிவிட்டது. மாட்டுக் கொட்டகைக்கும் பெயிண்டா என்று எனக்கு மனசு வரவில்லை. கடையில் தேடிப் பிடித்து கொஞ்சம் கல் சுண்ணாம்பு வாங்கி வந்து, பழைய அண்டாவில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். புஸ்ஸென்று சீறி ஆவி கிளம்பியது. அந்த வாடை மூக்கில் ஏறியதுதான் தெரியும். என் இரண்டு கைகளும் தாமாக அண்டாவுக்கு மேலே நீண்டுவிட்டன.

"நம்ம பழனி ஊரு வெயில்ல என்ன தீ காயுறீங்க? தள்ளி நில்லுங்க, மூஞ்சில தெறிக்கப் போகுது!" என்று வீட்டுக்காரி கத்தினாள். எழுபதைத் தாண்டியும் திட்டு வாங்குவதில் எனக்குக் குறைச்சல் இல்லை.

அது கொடைக்கானலில் பழகிய கை. அறுபதுகளின் கடைசியில், பதினேழு வயதில், செண்பகனூர்ப் பக்கம் ஒரு பணக்காரருக்குக் கட்டிய பங்களாவில் கையாளாகச் சேர்ந்தேன். ஆயக்குடியில் கொய்யா பறித்துக்கொண்டிருந்தவன், காசு கூடக் கிடைக்கும் என்று மலையேறிவிட்டேன். கொண்டு போனது இரண்டு டவுசர், இரண்டு சட்டை, ஒரு துண்டு. குளிர் என்றால் மார்கழிக் காலை மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். என்னத்தைச் சொல்ல! முதல் நாள் காலையில் பூச்சுக் கரணையைப் பிடித்தால் விரல் மடங்கவில்லை. மடங்கிய விரல் நிமிரவில்லை.

அப்போது சிமெண்ட் பெர்மிட்டுக்குத்தான் கிடைக்கும். சுவருக்கெல்லாம் சுண்ணாம்புதான். வெள்ளனே குழியில் கல்லைக் கொட்டித் தண்ணீர் விட்டால் குபுகுபுவென்று கொதிக்கும். எங்களைப் போன்ற பொடிசுகள் ஏழெட்டுப் பேர் குழியைச் சுற்றிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவோம். அங்கே அடுப்பு கிடையாது, கம்பளி கிடையாது. சுண்ணாம்புதான் எங்கள் கணப்பு. மேஸ்திரி வந்து, "சோலியப் பாருங்கடா, வெரசா!" என்று விரட்டும்வரை அந்தச் சுகம். இன்றைக்கு நினைத்தாலும் உள்ளங்கை சூடாகிறது.

எனக்குப் பக்கத்தில் எப்போதும் செல்லையா. மேல்மலையில் பூண்டு போடுகிற வீட்டுப் பையன், பதினாறு வயது. மலையிலேயே பிறந்தவன், ஆனாலும் என்னைவிட அதிகமாக நடுங்குவான்.

ஒருநாள் பனி அப்பிக் கிடந்தது. குழி ஆறிக்கொண்டு வந்தது. "சூடே இல்லலே," என்றான் செல்லையா. இதோ வருது பார் என்று நான் ஒரு பெரிய சுண்ணாம்புக் கல்லை எடுத்துக் குழிக்குள் போட்டேன். பெரிய இன்ஜினீயர் என்று நினைப்பு. கல் வெடித்துச் சிதறியது. செல்லையா இடது கண்ணைப் பொத்திக்கொண்டு அலறினான்.

எல்லோரும் ஓடி வந்தார்கள். "தண்ணி படாமப் பாருங்க! சுண்ணாம்பு தண்ணியிலதான் வேகும், கண்ணு அவிஞ்சுரும்! வெளக்கெண்ணெய் கொண்டாங்க!" என்று மேஸ்திரி கத்தினார். எங்கள் எல்லோருக்குமே அதுதான் சட்டம். தண்ணீர் பட்டுக் கொதிப்பதைத் தினமும் கண்ணால் பார்த்தவர்கள் வேறெப்படி நினைப்போம்?

அந்தக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு பாக்கியம் வந்தாள். சித்தாள் வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். அவளுக்கும் பத்தொன்பது வயதுதான் இருக்கும். மேஸ்திரியைத் தோட்டத்து வழக்கப்படி கங்காணி என்று கூப்பிட்டு எங்களிடம் கேலி வாங்குகிறவள். செல்லையாவின் பிடரியைப் பிடித்து இழுத்துப் போய் தண்ணீர் டிரம்மில் சாய்த்தாள். ஒரு கையால் இமையை விரித்துக்கொண்டு, மறு கையால் குவளை குவளையாக ஊற்றினாள்.

"பாவி, விடுடி!" என்று மேஸ்திரி அவள் கையைப் பிடித்தார்.

"விடுங்க கங்காணி! தோட்டத்துல லயத்து வீடுகளுக்கு வெள்ளையடிக்கையில தெறிச்சா, எங்க டிஸ்பென்சரி ஐயா இப்படித்தான் ஊத்துவாரு. தம்பி, கண்ண மூடாத, தொற!"

அரை டிரம் காலியாகும்வரை ஊற்றினாள். அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். கட்டுப் போட்டு, எட்டு நாள் கழித்துப் பிரித்தால்தான் பார்வை உண்டா இல்லையா என்று சொல்ல முடியும் என்றுவிட்டார்கள்.

அந்த எட்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. கல்லைப் போட்டவன் நான். பேச்சு வாங்கியது பாக்கியம். "சிலோன்காரி கண்ண அவிச்சுட்டா" என்று கலவை சுமக்கிற இடத்திலெல்லாம் அதே பேச்சு. நான் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்தான், வேறென்ன?

ஐந்தாம் நாள் அவள் அப்பா நீலகிரிப் பக்கம் தோட்ட வேலை கிடைத்தது என்று புறப்பட்டுவிட்டார். தகரப் பெட்டியோடு பஸ்ஸுக்கு நின்றவள் என்னைப் பார்த்து, "அந்தத் தம்பிக்குக் கண்ணு தெரியுதாங்க?" என்று கேட்டாள்.

"இன்னும் தெரியலக்கா," என்றேன். கல்லைப் போட்டவன் நான் என்று அவளிடமும் சொல்லாமல், தகரப் பெட்டியைத் தூக்கி பஸ்ஸில் வைத்தேன்.

எட்டாம் நாள் கட்டைப் பிரித்தார்கள். செல்லையா அந்தக் கண்ணை இடுக்கி இடுக்கி என்னைப் பார்த்துவிட்டு, "ஏலே, உன் மூஞ்சி இம்புட்டு அசிங்கமாவா இருந்துச்சு?" என்றான். ஓவென்று அழுதுவிட்டேன். தண்ணீர் ஊற்றியதால்தான் கண் பிழைத்தது என்று டாக்டர் சொன்னார். நான்தான் கல்லைப் போட்டேன் என்று மேஸ்திரியிடம் அங்கேயே சொன்னேன். பளாரென்று ஒன்று விட்டார். அப்புறம், "அந்தப் புள்ளைய என்ன பேச்சுப் பேசிட்டேன்," என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

மறுநாள் முதல் குழியைச் சுற்றி முள் கட்டினார். தினமும் காலையில் தைல மரத்துச் சுள்ளியைக் கூட்டித் தானே தீ மூட்டினார். "காஞ்சுட்டுப் போய் வேலையப் பாருங்கடா," என்பார். பக்கத்தில் ஒரு டிரம் நல்ல தண்ணீர். அதில் கரணை கழுவினால் தொலைந்தோம்! என் வாழ்க்கையிலேயே நிம்மதியான காலைகள் அந்தத் தீயைச் சுற்றித்தான்.

இப்போது கொடைக்கானலில் சுண்ணாம்புக் குழியே கிடையாது. அந்தப் பங்களாவை இடித்து லாட்ஜ் கட்டிவிட்டார்கள். மேஸ்திரியும் போய்ச் சேர்ந்தார். செல்லையா மேல்மலையில் பேரன் பேத்தியோடு இருக்கிறான். கண்ணாடி போடாமல் பூண்டில் சொத்தை பொறுக்குகிறான். பாக்கியம் எந்தத் தோட்டத்துக்குப் போனாள் என்று நாங்கள் இரண்டு பேரும் நீலகிரி முழுக்க விசாரித்துவிட்டோம். கிடைக்கவில்லை. ஒரு பையனின் கண்ணை அவித்துவிட்டோமோ என்ற நினைப்போடுதான் அவள் அன்றைக்குப் பஸ் ஏறினாள். இல்லை என்று அவளிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.