உத்திரமேரூர் போகும் வழியில், முள் ஏறாமலே கொதித்த கார்

போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்திலிருந்து உத்திரமேரூருக்குக் காரில் போனோம். அங்கே வாழ்க்கைப்பட்ட என் தங்கையின் மகள் யாழினிக்குக் காதுகுத்து. மூன்று வயது. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும், அவளுக்கு இருப்பதே நான் ஒரு மாமன். நல்ல நேரம் பத்தரை வரை. செங்கல்பட்டு, வாலாஜாபாத் வழியாக எண்பது கிலோமீட்டர் இருக்கும்; ஆறரைக்கே கிளம்பிவிட்டேன்.

கார் பழசு. முந்தின வாரம்தான் ரேடியேட்டரில் இருந்த பச்சை கூலண்டை வடித்துவிட்டு வெறும் தண்ணீர் ஊற்றியிருந்தேன். பனியில் உறையாமல் இருக்கத்தானே அது? நம் ஊரில் மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைவதோடு சரி. ரேடியேட்டர் மூடியையும் பாதித் திருகலில் விட்டிருந்தேன், ஆவி போக வழி வேண்டாமா என்று.

வாலாஜாபாத் தாண்டியதும் பானட்டிலிருந்து குபுகுபுவென்று ஆவி. மூடியில் கை வைக்கப் போனவனை, "ஏங்க, கை வெந்துடும்" என்று மனைவி கலா இழுத்துவிட்டாள். முக்கால் மணி நேரம் ஆறவிட்டோம். டிராக்டரில் வந்த ஒரு விவசாயி பம்புசெட்டிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்தார்.

"மூடிய டைட்டா போட்டுக்கினியா சார்?"

"லூசாத்தான் வெச்சேன்."

"அதான் கரீட்டு. எங்க டிராக்டர்ல அப்டிதான் உட்டுக்கினு ஓட்றோம். ஆவி போனா சூடும் போய்டும்."

எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. நாலு கிலோமீட்டர் போவதற்குள் மறுபடியும் ஆவி. ஆனால் சூட்டைக் காட்டும் மீட்டர் முள் சிவப்பைத் தொடவே இல்லை! தண்ணீர் மட்டும் எப்படிக் கொதிக்கிறது? ஒன்றும் புரியாமல் நிற்கும்போது தங்கை கூப்பிட்டாள்.

"அண்ணா, எங்க கீற? ஆசாரி வந்து குந்திக்கினு கீறாரு. லேட்டானா எங்க வூட்டுக்காரரோட சித்தப்பா மடியில உக்கார வெச்சிடலாம்னு இவங்க வூட்ல பேசிக்கினு கீறாங்க."

கார் ஆறும்வரை போனில் தேடிப் படித்தேன். இறுக்கி மூடினால் உள்ளே அழுத்தம் ஏறும். அப்போது தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்காது, நூற்றிருபது வரைக்கும் தாங்கும். லூசாக விட்டால் நூறிலேயே கொதித்து ஆவியாகிவிடும், முள் சிவப்புக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. கூலண்ட் கலந்திருந்தால் இன்னும் சில டிகிரி கூடுதலாகத் தாங்குமாம். உறையாமல் காப்பதே கொதிக்காமலும் காக்கிறதா? எப்படி என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

கலா பாட்டிலில் வைத்திருந்த தண்ணீரை ஊற்றி மூடியை இறுக்கினேன். ஏசியை நிறுத்தி, எஞ்சின் சூட்டை இழுக்கட்டும் என்று ஹீட்டரை முழுசாக வைத்தேன். மே மாதத்தில் ஹீட்டர்! கலா முறைத்தாள். ஆனால் கார் கொதிக்கவில்லை.

இந்தப் பக்கம் வெயிலில் வருபவர்களுக்கு: கூலண்டை வடிக்காதீர்கள். மூடியை இறுக்கிப் போடுங்கள், சூடாக இருக்கும்போது மட்டும் திறக்கவே வேண்டாம். ஆறவைக்க முக்கால் மணி நேரமாவது கையில் இருக்கட்டும்.

பத்து இருபதுக்குப் போய்ச் சேர்ந்தேன். சித்தப்பா மணையில் உட்கார்ந்தே விட்டிருந்தார். யாழினி அவரிடம் போகாமல் தூணைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவர் எழுந்து இடம் விட்டார். சட்டை பிழியப் பிழிய நனைந்திருக்க நான் உட்கார்ந்ததும், ஓடி வந்து மடியில் ஏறினாள்.

"மாமா, நீ சுடற" என்றாள். ஆனால் இறங்கவில்லை.