பயம் இருக்குதா?

பெரிய மார்க்கெட்டில் மீன் வெட்டிக் கொடுக்கும் அஞ்சலாட்சியை யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். வரிசையை மீறி வஞ்சிரத்தை நீட்டுபவர் போலீஸ்காரராகவே இருந்தாலும் நாலு வார்த்தை வாங்கிக் கட்டிக்கொண்டுதான் போவார். அப்படிப்பட்டவள் எங்கள் வக்கீல் ஆபீஸ் படியேறினால் மட்டும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, குரலே எழும்பாமல் நிற்பாள். நான் அங்கே குமாஸ்தா. "அவரு வந்துருவாரா சார்?" என்று என்னிடம் கேட்பாள். வேறு பேச்சே இருக்காது.

அவரு என்றால் ஆதிமூலம், அவள் புருஷன். வலைத் தகராறில் இரண்டு குப்பத்து ஆட்கள் கடற்கரையில் மோதிக்கொண்டபோது, இவர் வீசிய துடுப்பு ஒருவர் தலையில் விழுந்தது. அந்த மனுஷன் பிழைக்கவில்லை. இவருக்கு ஆயுள் தண்டனை. அப்போது கைக்குழந்தையாக இருந்த மகள் ஹேமலதா இப்போது காலேஜுக்குப் போகிறாள். முன்விடுதலை கேட்டு ஏற்கெனவே ஒரு மனு போட்டுத் தள்ளுபடி ஆகியிருந்தது. அப்போது மனுஷன் சாப்பாட்டைத் தொடாமல் கிடந்து, ஆஸ்பத்திரி வரைக்கும் போய் வந்தார். இரண்டாவது மனு போட்டதுமே அவளிடம் சொல்லிவிட்டார்: "இந்தத் தடவையும் இல்லன்னா என்னப் பாக்க வராத அஞ்சல. செத்துட்டான்னு நெனச்சுக்க."

இந்தத் தடவை அரசாங்கம் புதிதாக ஒன்று சேர்த்திருந்தது. வெளியே விட்டால் இந்த ஆள் மறுபடி கை நீட்டுவாரா என்று கணக்குப் பார்க்க ஒரு கேள்வித்தாள். ஒவ்வொரு பதிலுக்கும் மார்க் உண்டு. மார்க் ஏற ஏற ஆள் ஆபத்தானவர் என்று அர்த்தம். எத்தனையோ பேரை வைத்து ஆராய்ச்சி பண்ணித் தயாரித்ததாம். அதைத் தப்பென்று சொல்ல எனக்குப் படிப்பு இல்லை. எரிச்சல் வருகிறது, அவ்வளவுதான்.

அந்தக் கேள்விகளைக் கேட்க, உளவியல் படித்த ஒரு மேடம் வம்பாகீரப்பாளையம் குப்பத்தில் இருக்கிற அஞ்சலாட்சி வீட்டுக்கே வந்தார். சின்ன வயசு, மரியாதையான பெண். அஞ்சலாட்சி வீட்டைக் கழுவிவிட்டு, மீன் வாடை தெரியக்கூடாதென்று ஊதுபத்தி கொளுத்தி, பன்னீர் சோடா வாங்கி வைத்திருந்தாள். குடிப்பாரா, உங்களை அடித்திருக்கிறாரா என்றெல்லாம் கேட்டபோது இல்லை, இல்லை என்று உண்மையைத்தான் சொன்னாள். கடைசியாக மேடம் கேட்டார்: "அவர் திரும்பி வர்றதுல உங்களுக்குப் பயம் இருக்காம்மா?"

அஞ்சலாட்சி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பயம் இல்லாமப் போவுமா மேடம்? அவருன்னா எனக்கு எப்பவும் பயந்தான். எம் பொண்ணுக்கும் அப்பான்ற பயத்த சொல்லிச் சொல்லித்தான் வளத்திருக்கேன்."

பெருமையாகச் சொன்னாள். அந்தத் தெருவில் பயம் என்றால் மரியாதை. 'புருஷன்னு ஒரு பயம் இருக்குதா பாரு அவளுக்கு' என்று ஒருத்தியைப் பற்றிச் சொன்னால், அவள் நடத்தையைச் சந்தேகப்படுகிறார்கள் என்று அர்த்தம். புருஷன் ஜெயிலில், பொண்டாட்டி மார்க்கெட்டில் நாலு ஆம்பளைகளோடு வாயடிக்கிறாள் என்று இத்தனை வருஷமாக ஊர் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அதற்கெல்லாம் சேர்த்து அவள் பதில் சொன்னதாக நினைத்தாள். கவர்மெண்ட்டிலிருந்து வந்தவரிடமே சொல்லியாயிற்று, இனி யார் என்ன பேச முடியும்?

மனு தள்ளுபடி ஆனது. வக்கீல் அறிக்கையை வாசித்துக் காட்டினார். மனைவியும் மகளும் அவர் வருகையை அஞ்சுகிறார்கள், அடித்ததில்லை என்று மனைவி சொன்னதுகூட அச்சத்தால் இருக்கலாம், ஆபத்து அதிகம்.

"யாரு சார் அப்படிச் சொன்னது?" என்று அஞ்சலாட்சி கேட்டாள்.

"நீதாம்மா சொல்லியிருக்க."

அஞ்சலாட்சி படார் படாரென்று தலையில் அடித்துக்கொண்டாள். ஹேமலதா கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

வக்கீல் போராடி இன்னொரு விசாரணைக்கு ஏற்பாடு செய்தார். அதே மேடம் வந்தார். "எனக்குப் பயமே இல்ல மேடம், அது மரியாதைக்குச் சொல்றது" என்று அஞ்சலாட்சி சாமி மேல் சத்தியம் பண்ணி அழுதாள். மேடமும் பொறுமையாகக் கேட்டுத்தான் எழுதினார். எழுதியது இது: முதலில் சொன்னதை மாற்றிச் சொல்கிறார், குடும்பத்தின் வற்புறுத்தல் காரணமாக இருக்கலாம்.

மேடத்தின் மேலும் முழுப் பழி போட முடியவில்லை. அடி வாங்கிவிட்டு, மிரட்டலுக்குப் பயந்து சொன்னதை மாற்றிய பெண்களை நானே எங்கள் ஆபீஸில் பார்த்திருக்கிறேன். அவர்களைக் காப்பாற்றத்தான் அந்தக் கேள்வி. அது இவளை மாட்டிவிட்டது. பயம் என்றாலும் மார்க், இல்லை என்றாலும் மார்க். இவள் வேறு என்னதான் சொல்லியிருக்க முடியும்?

முடிவு மாறவில்லை. அப்பீல் காகிதங்களில் ஆதிமூலத்திடம் கையெழுத்து வாங்க நானும் அவளோடு ஜெயிலுக்குப் போனேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவர் வந்து நின்றார். தாடி முழுக்க நரைத்திருந்தது. விஷயம் அவருக்கு ஏற்கெனவே தெரியும். காவலர் உள்ளே நீட்டிய காகிதங்களையும் பேனாவையும் தொடவில்லை.

"யாரு சொன்னாங்களாம், என்னப் பாத்தா பயம்னு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அஞ்சலாட்சி முந்திக்கொண்டாள். "நாந்தான் சொல்லிட்டேன். மரியாதையா இருக்கட்டுமேன்னு சொல்லிட்டேங்க." முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

ஆதிமூலம் அவளையே பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். சிரித்துவிட்டார். "என்கிட்டயா? ஒனக்கா? என்னிக்குடி நீ எனக்குப் பயந்த?" சிரித்துக்கொண்டே இருந்தவர் வலையில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதார். எனக்கும் தாங்கவில்லை, தலையைத் திருப்பிக்கொண்டேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "போதும் அஞ்சல. கையெழுத்தும் வேணாம், ஒண்ணும் வேணாம். இனிமே இங்க வராத."

அவள் முந்தானை தோளிலிருந்து நழுவியது. எடுத்து இடுப்பில் செருகினாள். மார்க்கெட் குரல் வந்தது.

"வருவேன். வாரா வாரம் வருவேன். நீ என்னய்யா பண்ணுவ? போடு கையெழுத்த!"

காவலர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். ஆதிமூலம் சட்டென்று பேனாவை வாங்கி, அவள் காட்டின இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். இன்னும் எங்கே என்று அவள் முகத்தைப் பார்த்தார். யாருக்கு யாரிடம் பயம் என்று பார்த்து எழுத மேடம் அன்றைக்கு அங்கே இல்லை.