ஏலியாம்மாவின் இருபதடிக் கழி

அடுத்த அறையில் முத்திரை 'டப்' என்று விழுந்தது. சத்தத்திலேயே ஏலியாம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. 'மேல்நடவடிக்கை இல்லை' என்ற முத்திரைதான் எங்கள் பாசனத்துறை அலுவலகத்தில் பெரியது.

கோப்பு வெளியே வந்தது. தலைமை அலுவலகத்தின் குறிப்பு இரண்டே வரி: 'கரையில் உள்ள விரிசல் ஒரு கைத்தடி நீளமே. மழைக்காலம் முடிந்ததும் பரிசீலிக்கலாம்.'

ஏலியாம்மா எங்கள் வரைவாளர். அப்பா இறந்த மூன்றாம் மாதம், இருபத்திமூன்று வயதில், அவர் உட்கார்ந்த ஸ்டூலிலேயே வந்து உட்கார்ந்தாள். இப்போது ஐம்பத்திரண்டு. கல்யாணம் இரண்டு முறை பேசி, இரண்டு முறையும் நின்றுபோனது. காயல் தண்ணீரைத் தடுத்து நெல்வயலைக் காக்கும் குட்டநாட்டுக் கரைகளில் பாதியை அவள் வரைந்திருக்கிறாள். அளவு குறிக்காத வரைபடம் ஒன்றுகூட அவள் மேசையைத் தாண்டியதில்லை.

அவசரம் என்று பொறியாளர் சொன்னதால் இந்த அறிக்கையில் வரைபடமே இல்லை. பதினான்கு பக்கம், எட்டு அட்டவணை, ஒரு புகைப்படம். படம் அவள் எடுத்ததுதான். விரிசலின் நீளம் புரியட்டும் என்று, வள்ளம் ஊன்றும் கழியைப் பக்கத்தில் கிடத்தி எடுத்தாள். இங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும், அது இருபதடி.

மதியம் புஷ்கரன் வந்தான். விவசாயிகள் குழுச் செயலாளர். அந்தக் கரைக்கு உள்ளே நூற்றெண்பது ஏக்கர் நெல். அறுவடைக்குப் பதினெட்டு நாள் இருந்தது. பௌர்ணமிக்கு எட்டே நாள். பௌர்ணமிக்குக் காயல் ஏறும்.

"என்ன சேச்சி, என்ன சொன்னாங்க?"

"போட்டோவுல இருக்கிற உன் வள்ளக் கழியைக் கைத்தடின்னு நெனச்சுட்டாங்க."

புஷ்கரன் யோசித்தான். "யாரோட கைத்தடி?"

"அது எழுதல."

"இருபதடித் தடியை ஊனிட்டு நடக்கிறவன் எந்த ஊர்ல இருக்கான்?"

"அவங்க வள்ளத்துல போனதில்லடா. நீளம் அஞ்சாவது அட்டவணையில, பதினோராவது வரியில இருக்கு."

"அதை யாரு படிப்பா?"

"நான்தான்." அவள் குரல் உடைந்தது. "உங்க நெல்லு போச்சுன்னா என் ஒரு போட்டோவாலதான் போச்சு."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புஷ்கரனுக்கு ஆறுதல் சொல்ல வராது. மேசை விசிறியை அவள் பக்கம் திருப்பினான். மேசையில் இருந்த எட்டு அட்டவணைத் தாள்களும் பறந்தன.

அவள் அவற்றைப் பொறுக்கவில்லை. சாயங்காலம் வரை குனிந்த தலை நிமிராமல் ஒரே ஒரு படம் வரைந்தாள். கரையைக் குறுக்கே வெட்டிக் காட்டும் படம். இடப்பக்கம் காயல். வலப்பக்கம், காயல் நீர்மட்டத்துக்கு ஏழடி கீழே வயல். நடுவில் கரை, அதில் அடிவரை இறங்கும் விரிசல். அளவுக்கு வயலில் ஓர் ஆள். கீழே பழைய புகைப்படம், கழியின் மேல் 'இருபதடி' என்று சிவப்பு மையில். மொத்தம் ஒரு பக்கம். அன்றே அதைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினாள்.

மூன்றாம் நாள் தலைமை அலுவலகத்து ஜயதேவன் நேரிலேயே வந்தார். அந்த இரண்டு வரியை எழுதியவர் அவர்தான்.

"இந்தக் கழி…"

"இருபதடி சார்."

"நான் நடக்கிற தடின்னு…"

"தெரியும் சார்."

படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். "இந்த ஆளு யாரு?"

"அளவுக்கு நிக்கிறவர் சார். அஞ்சரை அடி."

"கண்ணாடி போட்டிருக்காரே."

"ஆமா சார்."

ஜயதேவன் தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "இவர் தலைக்கு மேல தண்ணி நிக்குதே."

"ஒன்றரை அடி மேல. அது இன்னிக்கு. பௌர்ணமிக்கு இன்னும் ஒரு அடி ஏறும்."

அவர் கோப்பை வாங்கிப் பேனாவை எடுத்தார். 'இன்றே வேலை தொடங்கவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஏலியாம்மா அந்த மை காய்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் சொட்டி எழுத்து கலைந்துவிடக் கூடாதே என்று கோப்பைத் தள்ளி வைத்தாள்.

வாசலில் நின்ற புஷ்கரன் அதற்குள் போனில் பேசி முடித்திருந்தான். விரிசலை அடைக்கத் தென்னங்கட்டையும் மண்மூட்டையும் கிளம்பியாயிற்று.

"கரையை நான் பாக்கணும்," என்றார் ஜயதேவன்.

"வள்ளம் கீழதான் நிக்குது. வாங்க சாரே," என்றான் புஷ்கரன்.

"நடுவுல உக்காருங்க சார்," என்றாள் ஏலியாம்மா. "ஆடாம இருங்க."

அவர் தலையசைத்துவிட்டு வெளியே போனார். புஷ்கரன் பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினான்.