டிசம்பர் மழையில் ஒன்பது குழிகள்

எங்கள் வீட்டில் கோல்ஃப் ஆடத் தெரிந்தவள் என் மனைவி. நான் கூடப் போகிறவன்.

ஜோகூர் மாநிலத்தின் தெப்ராவில் இருந்த ஒரு ஜப்பானியத் தொழிற்சாலையில் அவள் கொள்முதல் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே பாதி வியாபாரம் அலுவலகத்திலும் மீதி புல்வெளியிலும் நடக்கும். ஆட்டத்துக்கு ஆள் குறைந்தபோதெல்லாம் மேலதிகாரிகள் இவளைக் கூப்பிட்டார்கள். சில வருடங்களில் கூப்பிட்டவர்களையே தோற்கடிக்கத் தொடங்கினாள். நான் இடைநிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். ஓய்வு பெற்ற பிறகுதான் கோல்ஃப் மட்டையைத் தொட்டேன். நான் எந்தப் பக்கம் பார்த்து அடிக்கிறேனோ அந்தப் பக்கம் மட்டும் பந்து போகாது.

டிசம்பரில் வழக்கமாக மெல்பர்னில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போவோம். போன வருடம் அவன் தன் மாமனார் மாமியாரை அழைத்துக்கொண்டு நியூசிலாந்து போகத் திட்டமிட்டுவிட்டான். எங்களுக்கு ஒரு டிசம்பர் முழுதாகக் கையில் மிஞ்சியது.

"நாம ரெண்டு பேரும் எங்கயாவது போயி ஒரு வாரம் விளையாடிட்டு வரலாங்க" என்றாள்.

"டிசம்பர்லயா? மழ கொட்டுமே."

"பெய்யும், நிக்கும். இங்க என்ன பனியா கொட்டுது? கொரியாக்காரங்க குளிருக்குப் பயந்து அங்கேருந்து ஏரோப்ளேன் புடிச்சி வந்து நம்ம ஜோகூர்ல விளையாடுறாங்க. நாம இங்கயே இருந்துக்கிட்டு சோஃபாவுல உக்காந்து டிவி பாக்குறோம்."

இடம் கண்டுபிடிக்கும் பொறுப்பை என்னிடம் விட்டாள். கட்டணம் எங்கள் ஓய்வூதியத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், ஆடிய பிறகு மனசு லேசாக வேண்டும். இந்த இரண்டைத் தவிர வேறு நிபந்தனை இல்லை.

முதலில் ஆசை யாரைவிட்டது? ஜோகூர் பாருவிலிருந்து அதிக தூரமில்லாத ஒரு பெரிய மைதானத்தில், "சலுகை" என்று போட்டிருந்ததைப் பார்த்துப் பதிவு செய்தேன். புல் கம்பளம்போல் இருந்தது, குளத்தில் நீரூற்று. ஆனால் எங்களுக்கு முன்னே சிங்கப்பூரிலிருந்து வந்த நண்பர் கூட்டம், பின்னே கொரியர்கள். பக்கி என்கிற சிறு மின்வண்டியில்தான் போக வேண்டும், நடக்க அனுமதியில்லை. நான் அடித்த பந்துகள் வரிசையாகத் தண்ணீருக்குள் போயின. வேகத்தைக் கண்காணிக்கும் ஊழியர் வண்டியில் வந்து, "சார், கொஞ்சம் சீக்கிரம், ஆ?" என்று பணிவாகச் சொன்னார். இரண்டு குழி தள்ளி மறுபடியும் வந்தார். மூன்றாம் முறை ஒன்றும் சொல்லாமல் வெறுமனே நின்றார். அதுதான் தாங்கவில்லை.

திரும்பும் வழியில் மனைவியிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"அழகா இருந்துச்சு. ஆனா கல்யாண வீட்டுல முதல் பந்தியில சாப்பிட்ட மாதிரி. பின்னாடி ஒருத்தர் நம்ம நாற்காலியப் புடிச்சிக்கிட்டு எப்ப எந்திரிப்போம்னு நிக்கிறாரு."

அடுத்ததை மாநிலத்தின் உட்பகுதியில் தேடினேன். குளுவாங்கில் ஒரு சாதாரண ஹோட்டலில் அறை எடுத்துக்கொண்டோம். அங்கிருந்து போய்வரக்கூடிய தூரத்தில் மிகக் குறைந்த கட்டணத்தில் ஒரு மைதானம் இருப்பதாக இணையத்தில் பார்த்திருந்தேன். படங்களும் நன்றாக இருந்தன. தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை; மழைக்கு லைன் போயிருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே வெகுதூரம் போனதும் பெயர்ப்பலகை வந்தது. பாதி எழுத்துகள் உதிர்ந்திருந்தன. கேட்டில் சங்கிலி. உள்ளே ஃபேர்வே என்கிற ஆடுபாதை முழுக்க மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்ற ஒருவர் எங்கள் காரையும் தொப்பிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கோல்ஃபா? அது மூடி ரொம்ப நாளாச்சு லா, அண்ணே. இப்ப என் மாடுங்கதான் மெம்பர்."

நான் முகம் சுருங்கி நின்றேன். என் மனைவி காரின் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அவரிடம், "தம்பி, ஒரே ஒரு பந்து அடிச்சிக்கட்டுமா?" என்று கேட்டாள். அவர் கேட்டைச் சுற்றிப் போகும் வழியைக் காட்டினார். பழைய தொடக்க மேடு புல்லில் மூழ்கிக் கிடந்தது. மாடுகள் இல்லாத பக்கமாகத் திரும்பி நின்று அடித்தாள். பந்து நேராக, உயரமாக, மேகத்தைத் தொடுவதுபோல் போய் எங்கோ விழுந்தது. ஒரு மாடு தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தது. "வந்ததுக்கு இது போதும்" என்றாள். எனக்குப் போதவில்லை.

பசியோடு சிம்பாங் ரெங்கம் வந்து ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடையில் உட்கார்ந்தோம். கல்லாவில் இருந்தவர் தமிழ் முஸ்லிம், எங்கள் வயதுதான் இருக்கும். தலையில் தொப்பி, காலில் ஆடுகளச் சேறு காயாத கோல்ஃப் ஷூ. நான் அந்த ஷூவைப் பார்த்தேன், அவர் என் மனைவியின் மணிக்கட்டில் வெயில் கிழித்திருந்த கோட்டைப் பார்த்தார். இடது கைக்கு மட்டும் உறை போட்டு ஆடுகிறவர்களுக்கு அந்தக் கை வெளுத்திருக்கும்.

"எங்க ஆடப் போறீங்க?" என்று கேட்டார்.

மாடுகளின் கதையைச் சொன்னேன். கல்லாவை விட்டு எழுந்து வந்து எங்கள் மேசையிலேயே உட்கார்ந்துவிட்டார். லாயாங் லாயாங் போகும் பக்கம் ஒன்பது குழி மைதானம் ஒன்று இருக்கிறதாம். அந்தக் காலத்து ரப்பர் கம்பெனி போட்டது, இப்போது உறுப்பினர்களே பராமரிக்கிறார்கள், கட்டணம் நம் ஆட்களுக்குக் கட்டுபடியாகும். மைதானத்தின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் கூட்டம் வந்துவிடும்.

"நாளைக்கிக் காலையில புருசன் பொஞ்சாதி போட்டி இருக்கு. லாபிஸ்லேருந்து வர வேண்டிய ஜோடி வரல, அங்க ரோட்டுல தண்ணி ஏறிடுச்சாம். எங்க கூட ஆட ஒரு ஜோடி குறையுது. நீங்க வாங்களேன்."

"எனக்கு அவ்வளவா ஆடத் தெரியாது, பாய்."

"யாருக்குத்தான் தெரியும்?" என்றார். "ஒரு ஜோடிக்கு ஒரே பந்துதான். ஒரு அடி நீங்க, அடுத்த அடி அக்கா. மாத்தி மாத்தி அடிக்கணும். எங்க கிளப்புல இதுக்கு 'டிவோர்ஸ் கப்'னு பேரு."

நான் வாயைத் திறப்பதற்குள், "எத்தன மணிக்கி வரணும்?" என்று என் மனைவி கேட்டுவிட்டாள்.

மறுநாள் காலை வானம் வெளுத்து, புல்லிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. தகரக் கூரை போட்ட மரக் கட்டடம், முன்னால் நாலைந்து நாற்காலிகள், சுற்றிலும் செம்பனை. மட்டைப் பையைச் சக்கர வண்டியில் வைத்து நாமே இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும். மைதானத்தின் ஓரமாக ரயில் பாதை. ரயில் வரும்போது யாரும் அடிப்பதில்லை, நின்று கையசைக்கிறார்கள். ஆசிரியர்கள், கணக்கு எழுதும் தோட்டத்துக் கிராணிகள், ஒரு பல் மருத்துவர், மலாய்க்கார ஓய்வுபெற்ற தம்பதிகள், சீன வன்பொருள் கடைக்காரர் என்று கலவையான கூட்டம். எங்களோடு நடந்தவர்கள் கடைக்கார பாயும் அவர் மனைவியும். அந்த அம்மா தலைமுக்காட்டுக்கு மேல் தொப்பி வைத்துக்கொண்டு, அதிகம் குறிபார்க்காமல், துணி துவைப்பதுபோல் ஓங்கி அடிப்பார்.

முதல் குழிக்கு என் மனைவி அடித்தாள். பந்து நடுவில் போய் விழுந்தது. இரண்டாவது அடி என்னுடையது. அதை நேராகச் சாக்கடைக்கு அனுப்பினேன். அவள் இறங்கி அதை வெளியே அடித்துப் போட்டாள். நான் அதை, கிரீன் என்கிற குழியைச் சுற்றிய மட்டப் புல்லைத் தாண்டி, மறுபக்கப் புதருக்குள் தள்ளினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் குழியிலும் அப்படித்தான். அவள் கட்டுவாள், நான் இடிப்பேன்.

பாய் ஜோடி அப்படி இல்லை. "கண்ணு எங்க இருக்கு உங்களுக்கு?" என்று அந்த அம்மா கத்துவார். "உன்னைப் பாத்துப் பாத்தே கெட்டுப் போச்சு" என்பார் இவர். தவறிய ஒவ்வொரு அடிக்கும் சண்டை, அடுத்த அடிக்குள் சமாதானம்.

நான்காம் குழியில் என் மனைவி மிக மென்மையான குரலில், "நீங்க ஒண்ணும் பெருசா முயற்சி பண்ண வேணாம். மெதுவா தட்டி விடுங்க, போதும்" என்றாள்.

குழந்தைக்குச் சொல்வதுபோல் இருந்தது. "அப்ப ரெண்டையும் நீயே அடிச்சிக்க" என்று மட்டையைப் பையில் போட்டேன்.

அதற்குமேல் வளர்வதற்குள் சைரன் ஒலித்தது. இடி வருகிறது, ஒதுங்குங்கள் என்று அர்த்தம். நான்கு பேரும் பக்கத்தில் இருந்த குடிலுக்கு ஓடினோம். நாங்கள் உள்ளே போனதும் மழை இறங்கியது. ஃபேர்வே மறைந்தது. செம்பனைகள்கூடத் தெரியவில்லை.

அந்த அம்மா பையிலிருந்து ஃப்ளாஸ்க்கையும் ஒரு டப்பா நிறையக் கிழங்கு அடைத்த கறிபாப்பையும் எடுத்தார். எல்லாருக்கும் கொடுத்துவிட்டு என் மனைவியைப் பார்த்துக் கேட்டார்.

"நீ ஏன் தங்கச்சி இவரத் திட்டவே மாட்டேங்கிற?"

"பழக்கம் அக்கா. நான் ஆபீஸ் ஆளுங்ககூடதான் ஆடிப் பழகினேன். பாஸு பந்தக் காட்டுக்குள்ள அடிச்சாலும் 'நைஸ் ஷாட்'னுதான் சொல்லணும்."

"இவரு உன் பாஸா?"

பாய் தேநீரைத் துப்பாத குறையாகச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. என் மனைவி மட்டும் சிரிக்காமல் என் பக்கம் திரும்பினாள்.

"உண்மையச் சொல்லட்டா? பந்த அடிக்கிறதுக்கு முன்னாடியே தலையத் தூக்கிடுறீங்க. எங்க போவுதுன்னு பாக்க அவ்வளவு அவசரம். ஆரம்பிச்ச நாள்லேருந்து இப்படித்தான்."

"இத்தன நாளா சொல்லவே இல்லையே!"

"நீங்க கேக்கவே இல்லையே!"

"சரி, நானும் ஒண்ணு சொல்றேன். நீ பந்தக் கொண்டாந்து வைக்கிற எடம் எல்லாம் உனக்குத் தோதான எடம். மேடு, சரிவு, மரத்துக்குப் பின்னாடி. அடுத்த அடி உன்ன மாதிரி ஒருத்தர் அடிக்கப் போறாருன்னு நெனச்சி வைக்கிற. அடிக்கப் போறது நான்!"

அவள் கறிபாப்பைக் கையில் வைத்துக்கொண்டு சற்று யோசித்தாள். "அது சரிதான்" என்றாள். அந்தச் சொல் எனக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. அந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இப்பதான் புருசன் பொஞ்சாதி மாதிரி இருக்கீங்க" என்றார்.

மழை வந்த வேகத்திலேயே போனது. தேங்கிய தண்ணீரைத் தாண்டித் தாண்டி ஆட்டத்தைத் தொடர்ந்தோம். இப்போது எங்கள் சத்தமும் கூடியது. "தலை! தலை!" என்று நான் மட்டையைத் தூக்கும்போதே அவள் கத்தினாள். "நெரவுல வை, நெரவுல வை" என்று சமதரையைக் காட்டி நான் கத்தினேன். ஏழாம் குழியில் ஒரு குரங்கு இறங்கி வந்து எங்கள் பந்தை எடுத்து, முகர்ந்து பார்த்து, பிடிக்காமல் போட்டுவிட்டுப் போனது. பழைய இடத்திலிருந்து ஆடுவதா, குரங்கு போட்ட இடத்திலிருந்தா என்று பாயும் நானும் வெகுநேரம் விவாதித்தோம். குரங்கு போட்ட இடம் குழிக்கு இன்னும் பக்கம். பெண்கள் இருவரும் எங்களைக் காது கொடுத்துக் கேட்காமல் பந்தைப் பழைய இடத்தில் வைத்தார்கள்.

எட்டாம் குழியில் நான் அடித்த பந்து வலப்பக்கம் பறந்து ஒரு செம்பனையின் அடிமரத்தில் மோதி, திரும்பி வந்து கிரீனில் உட்கார்ந்தது. என் மனைவி ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பல வருடம் ஆகியிருக்கும். அலுவலகம், சாலை நெரிசல், மருத்துவமனையில் என் அம்மாவைப் பார்த்துக்கொண்ட நாட்கள் என்று எல்லாவற்றிலும் அவள் சிரிப்பாள். ஆனால் உட்கார்ந்து சிரிப்பது வேறு.

கடைசிக் குழிக்கு முன்னால் ஒரு குளம். அவள் அடித்தால் ஒரே அடியில் தாண்டும். அது அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். மறுகரையில் தண்ணீருக்குள் இறங்கும் சரிவு என் பயம் என்பதும் அவளுக்கு இப்போது தெரியும். தாண்டியிருந்தால் பந்து அந்தச் சரிவில் நின்றிருக்கும். அவள் சின்ன மட்டையை எடுத்து, குளத்துக்கு முன்னால் தட்டையான இடத்தில் பந்தை வைத்தாள். "இந்தாங்க. நெரவு."

தலையைக் குனிந்தேன். அடித்த பிறகும் குனிந்தே இருந்தேன். பந்து எங்கே போனது என்று தெரியவில்லை. ஐயையோ என்கிற மாதிரி "அலமாக்!" என்று பாய் கத்தினார். தண்ணீருக்குள் போய்விட்டது என்று நினைத்துத் தலையைத் தூக்கினேன். கொடிக்குப் பக்கத்தில், ஒரு கை தூரத்தில் பந்து வெள்ளையாக இருந்தது.

பிறகு அந்தச் சின்ன தூரத்தை என் மனைவி உருட்டினாள். குழியின் விளிம்பைத் தொட்டுவிட்டுப் பந்து வெளியே போனது.

"கண்ணு எங்க இருக்கு?" என்று நான் கத்தியது தகரக் கூரைக் கட்டடம் வரைக்கும் கேட்டதாகப் பின்னர் சொன்னார்கள். அவள் மட்டையை என்மேல் வீசுவதுபோல் ஓங்கினாள். பாயின் மனைவி கைதட்டினார்.

நாங்கள் நடுவில் எங்கோ முடித்தோம். பரிசு பல் மருத்துவர் ஜோடிக்குப் போனது. கடைசி இடம் பாய்க்கும் அந்த அம்மாவுக்கும். கடைசி ஜோடிக்கு ஒரு வாழைத்தார் கொடுப்பது அங்கே வழக்கம்; அதை வாங்கிக்கொண்டு அவர்கள் கோப்பை வென்றவர்கள்போல் படம் பிடித்துக்கொண்டார்கள். பிறகு எல்லாருமாக அவர்கள் கடையில் உட்கார்ந்து மீன் தலைக் கறியோடு சாப்பிட்டோம்.

அந்த வாரம் வேறெங்கும் தேடவில்லை. தினமும் காலையில் குளுவாங்கிலிருந்து கிளம்பி அதே மைதானத்துக்குப் போனோம். சில நாள் மழை முந்திக்கொண்டது, சில நாள் நாங்கள். ஒரு நாள் முழு மைதானமும் எங்களுக்கே கிடைத்தது. அன்று அவள் மூன்றாம் குழியின் அருகே நின்று, வலக்கையால் என் தோளை அழுத்தி, மட்டையை எங்கே வரை தூக்க வேண்டும் என்று காட்டினாள். அந்த நேரம் பார்த்து ரயில் ஒன்று வந்தது. இருவரும் நின்று கையசைத்தோம். ஜன்னலோரமாக யாரோ ஒரு பெண் திருப்பி அசைத்தாள்.