காவேரிக்குப் போன கரி அட்டை

மைசூரில், எங்கள் அக்ரஹாரத்தில் சொர்ணலதா தேய்த்துக் கொடுத்த ஒரு பேண்ட்டின் மடிப்பில் ஈ ஒன்று வந்து உட்கார்ந்து இரண்டு துண்டாகிப் போனது. ஒரு துண்டு அதற்குப் பிறகும் கொஞ்ச தூரம் பறந்தது. நான் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டு நம்புவது இந்தத் தெருவின் வழக்கம். நீங்களும் அப்படியே செய்யலாம். காவேரி வந்த பிறகு நடந்ததை மட்டும் கழிக்க வேண்டாம்.

சொர்ணலதாவுக்கு நாற்பத்தாறு வயது. தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்திலிருந்து வந்தவள். பதினோரு வருடம் ஒரு கார்மென்ட்ஸில் ஏற்றுமதிச் சட்டைகளைத் தேய்த்தாள். அதை விட்டுவிட்டு இந்த நான்கு வருடமாக எங்கள் தெருப் புங்க மரத்தடியில் தள்ளுவண்டி போட்டு இஸ்திரி போடுகிறாள். கரண்ட் பெட்டி வாங்கிக்கொள்ளேன் என்று யாராவது சொன்னால், “கரிப்பெட்டிக்குக் கோபம் வந்தா மூஞ்சியிலயே தெரியுமுங்க. கரண்டுப் பெட்டி சிரிச்சுக்கிட்டே சுட்டுப்போடும்” என்பாள்.

மதியம் கூட்டம் குறைந்ததும் கரி மூட்டையின் அடியில் கைவிட்டு, விரல் பருமனில் ஒரு சுள்ளிக் கரியைத் தேடி எடுப்பாள். முழங்கையை ஊன்றி வண்டியில் சாய்ந்துகொண்டு தபால் அட்டையில் படம் வரைவாள். எழுதும் பக்கத்தில் எழுத்தே இருக்காது, படம் மட்டும்தான். கார்மென்ட்ஸில் கூட வேலை செய்த தோழிகளுக்கெல்லாம் அட்டை போகும். அவர்களில் திருப்பூரில் இருக்கும் மீனாவுக்கு ஒரு மாதம் தெரு நாய், ஒரு மாதம் எதிர் மளிகைக்கடை பசவராஜின் தொந்தி. மீனாவுக்கு அனுப்பிய கெண்டை மீனை அவள் வீட்டுப் பூனை அட்டையோடு சேர்த்துத் தின்றுவிட்டது என்று தகவல் வந்தது. இதில் நீங்கள் கழிக்க வேண்டியது அட்டையை மட்டும்.

கரியில் வரைந்தது கையில் ஒட்டும், பக்கத்தில் இருக்கும் அட்டையிலும் ஒட்டும். அதற்கு அவள் தொழிலிலேயே மருந்து இருந்தது. காட்டன் புடவைக்குத் தெளிக்கும் கஞ்சித் தண்ணீரை, இன்னும் நீர்க்கக் கரைத்து, புகைபோல அட்டைமேல் அடிப்பாள். காய்ந்ததும் மேலே ஒரு காகிதம் வைத்து, ஆறிக்கொண்டிருக்கும் பெட்டியால் ஒரே ஒரு தடவு. பிறகு அந்தக் கரி நகத்தால் சுரண்டினாலும் வராது. கடைசியாக, துணி மூட்டைச் சீட்டில் குத்தும் ரப்பர் முத்திரையை அட்டையின் ஓரத்தில் குத்துவாள்: சொர்ணலதா இஸ்திரி, அக்ரஹாரம், மைசூரு.

ஒருத்திக்கு மட்டும் அட்டை போகாது. அவள்தான் காவேரி.

கார்மென்ட்ஸில் ஒரே மேசையின் இரண்டு பக்கத்தில் நின்று பதினோரு வருடம் தேய்த்தவர்கள் இவர்கள். ஒரு நாள் சொர்ணலதாவின் பெட்டி ஒரு வெள்ளைச் சட்டையின் முதுகில் அழுத்தமாகச் சுட்டுவிட்டது. யார் செய்தது என்று சூப்பர்வைசர் கேட்டபோது அந்தச் சட்டை காவேரியின் பக்கத்தில் கிடந்தது. சொர்ணலதா வாயைத் திறக்கவில்லை. காவேரியும் ஒன்றும் பேசவில்லை. மறுநாளிலிருந்து காவேரிக்கு வேலை இல்லை என்றார்கள். அவள் பாலாறு செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில், காட்டோரத்தில் இருக்கும் தன் ஊருக்குப் போய்விட்டாள். ஒரு மாதம் கழித்து சொர்ணலதாவும் அந்த மேசையை விட்டு வந்துவிட்டாள். தனியாக நிற்க முடியவில்லை என்று என்னிடம் சொன்னாள்.

ஒரு தடவை போன் செய்து பார்த்தாள். காவேரியின் கொழுந்தன் எடுத்தான். “ராங் நம்பர்னு சொல்லு” என்று பின்னாலிருந்து காவேரியின் குரலே கேட்டது. காவேரிக்குப் படிக்கத் தெரியாது. கடிதம் போட்டால் யாராவது உரக்கப் படிப்பார்கள், ஊரே கேட்கும். படம் போட்டால் காவேரிக்கு மட்டும் புரியும். அந்த ஒரு படத்தைப் போடச் சொர்ணலதாவுக்கு நான்கு வருடம் ஆனது.

போன கார்த்திகையில் ஒரு மதியம் வரைந்தாள். வெள்ளைச் சட்டை ஒன்று, அதன் முதுகில் பெட்டியின் அச்சு, பக்கத்தில் பெட்டியைக் கையில் பிடித்தபடி அவளே. சுட்ட இடம் போதிய அளவு கறுப்பாக இல்லை என்று தோன்ற, மேலும் மேலும் தேய்த்தாள். அரைச் சுள்ளி தேய்ந்தது. முத்திரையைக் குத்தினாள். கஞ்சித் தண்ணீரை எடுத்தால் காயும்வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் மனம் மாறிவிடும் என்று பயம். அப்படியே ஓடிப்போய்த் தபால் பெட்டியில் போட்டுவிட்டு மூச்சிரைக்க வந்தாள்.

அந்த அட்டை எத்தனை பைக்குள், எத்தனை கட்டுக்குள் உரசிப் போனதோ, போய்ச் சேர்ந்தபோது சட்டையும் இல்லை, ஆளும் இல்லை. ஒரு முழுக் கறுப்பு.

காவேரியின் ஊரில் சாவுச் சேதி சொல்லும் அட்டைக்கு மூலையில் கரி தடவி அனுப்புவார்கள். அதை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. வாசலுக்கு வெளியே நின்று படித்து, அங்கேயே கிழித்துப் போட்டுவிட வேண்டும். இங்கே மூலை மட்டுமல்ல, அட்டை முழுக்கக் கரி. காவேரியின் கொழுந்தன் வெளியிலேயே நின்று, கரிக்கு நடுவே மங்கலாகத் தெரிந்த முத்திரையைப் படித்தான். “மைசூரு சொர்ணலதா” என்றான். கிழித்துப் போட்டான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பதினொரு மணி இருக்கும். நான் என் சேலைகளைக் கொடுத்துவிட்டு மரத்தடியில் நின்றிருந்தேன். தெருமுனையில் ஓர் ஒப்பாரி எழுந்தது. தலைமுடியை அவிழ்த்துவிட்ட ஒரு பெண், கையில் தேவராஜ மார்க்கெட்டில் வாங்கிய சாமந்தி மாலையோடு, மார்பில் அடித்துக்கொண்டு வந்தாள்.

“ஒரே மேசைக்கு ரெண்டு பக்கம் நின்னமே புள்ள,
ஒத்த டப்பாச் சோத்தை நாம பங்கு வெச்சமே புள்ள,
சட்டை சுட்ட சேதிய நீ சொல்லாமப் போனியே,
சாகறதுக்கு முன்னால ஒரு வார்த்தை வல்லியே…”

பசவராஜ் கடையிலிருந்து இறங்கி வந்தார். அவர் தமிழில் பேசினாலும் அது கன்னடத்தில்தான் வரும்.

“யாரம்மா ஹோகிட்டது? நம்ம தெருவுல எல்லாரும் இருக்காங்க அல்லவா? நோடி, பாத்து வேணும்னா எண்ணிக்கோ.”

“இஸ்திரிக்காரி சொர்ணலதா வீடு எதுங்க?”

“வீடு எதுக்கு? ஆளே இருக்கு, அதோ.”

தன் ஒப்பாரியைத் தானே கேட்கும் பாக்கியம் ரொம்பப் பேருக்குக் கிடைப்பதில்லை. சொர்ணலதா பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, கையைத் தொங்கப் போட்டபடி நின்றாள். காவேரி அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். குறிப்பாகக் காலை. தரையில் பாவியிருக்கிறதா என்று பார்த்திருப்பாள்.

“நீ சாவலையா?”

“இல்ல புள்ள.”

“அப்ப எதுக்குடி சாவு அட்டை போட்டே? மூணு பஸ் மாறி வாறேன். கொள்ளேகாலத்துல அழுதேன், நரசிபுரத்துல அழுதேன். பக்கத்துல உக்காந்திருந்த அம்மா தன்ற புருசனுக்குன்னு வெச்சிருந்த இட்லிய எனக்குக் குடுத்துது.”

“தின்னியா?”

“தின்னேன். அழுதுக்கிட்டேதான் தின்னேன்.”

கூட்டம் கூடிவிட்டது. செத்ததாகச் சேதி வந்தால் ஆயுசு கெட்டி என்று ஒருவர் சொர்ணலதாவுக்குத் தெம்பு சொன்னார். மாலைதான் சங்கடமாகிப் போனது. உயிரோடு இருப்பவளுக்குப் போட முடியாது, வீட்டுக்குள் வைக்க முடியாது, திருப்பி எடுத்துக்கொண்டு போகவும் கூடாது. ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தபோது தெருப் பசு பின்னாலிருந்து வந்து மாலையைத் தின்றுவிட்டது. நாரை மட்டும் மரியாதையாகத் துப்பியது.

எல்லாரும் சிரித்தார்கள். காவேரி சிரிக்கவில்லை. கூட்டம் கலையும்வரை கூந்தலை முடிந்துகொண்டே நின்றாள். நான் மட்டும் என் சேலையைத் தேய்த்து முடிக்கட்டும் என்ற பாவனையில் அங்கேயே இருந்தேன்.

“அட்டையில என்ன போட்டிருந்தே?” என்றாள் காவேரி.

சொர்ணலதா கரி மூட்டைக்குள் கைவிட்டாள். ஒரு சுள்ளிக் கரி எடுத்தாள், துணி மூட்டைச் சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் ஒரு கோடு போட்டாள். காவேரி அவள் கையிலிருந்து கரியைப் பிடுங்கிக்கொண்டாள்.

“வாயால சொல்லு.”

“உனக்குத்தான் தெரியுமே. அத்தனையும் சொல்லி அழுதியே இப்ப.”

“எனக்குத் தெரியும்கறது வேற. நீ சொல்றது வேற. அன்னிக்கும் நீயே சொல்லுவேன்னுதான் நான் வாயைத் திறக்காம நின்னேன்.”

கரிப்பெட்டிக்குள் ஏதோ ஒன்று படபடவென்று வெடித்து அடங்கியது. சொர்ணலதா முந்தானையால் வண்டி மேசையைத் துடைத்தாள். சுத்தமாக இருந்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள். இவள் இப்போதும் சொல்லாவிட்டால், வந்தவள் அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுவாள்; இனி நிஜமான சாவுக்கும் வரமாட்டாள். எனக்குத் தெரிந்தது அவளுக்கும் தெரிந்திருக்கும்.

“அந்தச் சட்டைய நாந்தான் சுட்டேன்” என்றாள். குரல் தரையைப் பார்த்துப் போயிற்று. சொர்ணலதா தலையை நிமிர்த்தி இன்னொரு தடவை சொன்னாள். “நாந்தான் சுட்டேன், காவேரி. சூப்பர்வைசர் கேட்டப்ப உன்ற மேல பழி போறதைப் பாத்துக்கிட்டே நின்னேன்.”

“ஏன் நின்னே?”

“பயம்.”

“அவனுக்கா?”

“அந்த நிமிசம் அவனுக்கு. அப்புறம் பூராவும் உனக்குத்தான். நாளைக்குச் சொல்லிக்கலாம், நாளைக்குச் சொல்லிக்கலாம்னு இருந்து, வெக்கம் முத்திப்போச்சு.”

காவேரி வண்டியில் கிடந்த சட்டையை எடுத்தாள், காலரை உதறினாள், பொத்தானைப் போட்டாள், கழற்றினாள். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. ஒப்பாரிக்கு வந்ததைவிடக் கொஞ்சம்தான், சத்தமும் இல்லை.

“காலர் இப்பவும் உனக்குச் சரியா வரலை” என்றாள்.

“மறு பக்கத்துல ஆளில்லையே புள்ள.”

“சரி, குளிக்கறதுக்குத் தண்ணி வை. சாவுக்குன்னு கெளம்பி வந்தவ குளிக்காமச் சோறு திங்க மாட்டேன்.”

“ஆருமே சாவலையே.”

“நாலு வருசமா நீ எனக்குச் செத்துத்தான் கெடந்தே. வை.”

சொர்ணலதா வண்டியை அப்படியே விட்டுவிட்டு, பின்சந்தில் இருக்கும் தன் வீட்டுக்கு ஓடினாள். என் சேலைகளுக்கு அன்று இஸ்திரி ஆகவில்லை. மறுநாளும் ஆகவில்லை. மூன்றாம் நாள் போனபோது, மேசையின் இரண்டு பக்கமும் ஆள் இருந்தது.