சுறாவுக்குக் கட்டிய ஆடு

குண்டனி நாட்டு வேட்டைக்காரர் செங்கோட்டையன் சென்னைக் கடலில் சுறாவைக் கொன்றுவிட்டதாகக் மலையடிவாரக் காரவள்ளியில் பேச்சு. விசாரித்தால் நடந்தது வேறு.

கடலில் குளித்த துரையொருவரின் காலைச் சுறா கவ்வியதால், சிறுத்தை சுட்டுப் பழகிய செங்கோட்டையனைச் சுறாக்களை ஒழிக்கத் துரைமார் அழைத்தார்கள். அவரும் அக்கா பழனாயியின் ஒரே கறவை ஆட்டை இரவல் வாங்கி ரயிலேறினார். சிறுத்தைக்குச் செய்வதுபோலக் கரையில் பரண் போட்டு, அலையோரம் ஆட்டைக் கட்டிவிட்டுக் காத்திருந்தார்.

மீனவர் ஒருவர் சிரித்தார். "நாங்க தெனம் அது ஊட்டுக்குள்ள போறோம், அது நம்ம ஊட்டுக்கு வந்ததில்ல. தொரையத் தொட்டியில குளிக்கச் சொல்லுய்யா!"

பேரலை ஆட்டை இழுத்துப் போனது. பயந்த துரைமார் கடலில் இறங்கவேயில்லை; சுறாவும் யாரையும் கடிக்கவில்லை. அபாயம் நீங்கியதென்று நற்சாட்சிப் பத்திரம் கொடுத்தார்கள். செங்கோட்டையன் அதை அக்காவிடம் நீட்டினார்.

"இந்தக் காயிதத்துல பால் கறக்கலாமா சாமி? என் ஆடு எங்க?"

"தாரேனுங்க அக்கா."

இன்னும் தரவில்லை.